போன காய்ச்சல் திரும்பி வருகிறது

பீகாரின் முஸாபர்பூரிலோ வைஷாலியிலோ ஒருவருக்குக் காலா அசார் என்ற காய்ச்சல் நோய் இருப்பது தெரியவந்தால், இன்று சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. உடல் எடைக்கு அளந்து எடுத்த மஞ்சள் நிற மருந்தைக் குளுக்கோஸில் கலந்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கூலி போனதற்கு ஈடாக மத்திய அரசு 500 ரூபாயும் பீகார் அரசு 6,600 ரூபாயும் தருகின்றன. இந்த ஒரே ஊசி முறைக்கு வழி திறந்தது 2010இல் வெளியான முஸாபர்பூர் ஆய்வு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஷ்யாம் சுந்தர் குழு நடத்தியது அது. மருந்து ஏற்றி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 95 பேர் பூரண நலத்தோடு இருந்தார்கள்.

1992ஆம் வருடம் ஒன்றில் மட்டும் இந்தியாவில் 77 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, 1,400 பேருக்கு மேல் கொன்ற நோய் இது. இன்று வருடத்துக்குச் சில நூறு பேர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் 633 வட்டாரங்களில் இந்த நோய் வேரூன்றியிருந்தது. எந்த வட்டாரத்திலும் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற இலக்கை 2023இல் இந்தியா எட்டியது. அதே வருடம் அக்டோபரில் வங்கதேசத்துக்கு, உலகிலேயே முதல் நாடாக, காலா அசாரை ஒழித்ததற்கான அங்கீகாரத்தை உலக சுகாதார நிறுவனம் அளித்தது. தலைமுறை தலைமுறையாக ஏழைகளை மட்டுமே தேடித் தேடிப் பிடித்த ஒரு நோயை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது பெரிய சாதனை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே வார்டில் இன்னொரு நோயாளியும் படுத்திருப்பார். அவருக்கு ஒரு நாள் மருந்து போதாது. ஆறு தடவை ஏற்ற வேண்டும். கூடவே இரண்டு வாரம் மாத்திரை. குணமாகிப் போவார். ஐந்தாறு மாதம் கழித்து, சில சமயம் வருடம் கழித்து, அதே காய்ச்சலோடும் இடுப்பு வரை இறங்கிய மண்ணீரலோடும் திரும்பி வருவார். இது அவருக்கு மூன்றாவது தடவையாக இருக்கலாம், நான்காவதாகவும் இருக்கலாம். புதிதாக எந்தப் பூச்சியும் அவரைக் கடித்திருக்க வேண்டியதில்லை. பழைய கிருமியே திரும்ப எழுந்திருக்கிறது. அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது.

எண்ணிக்கையில் இவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த நோய் நம் மண்ணை விட்டுப் போகுமா, போகாதா என்பது மிச்சமிருக்கும் இந்தக் கொஞ்சம் பேரை நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

கொசுவில் மூன்றில் ஒரு பங்கு

காலா அசாரைப் பரப்புவது மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பறக்கும்போது சத்தமே வராது. உயரப் பறக்கவும் தெரியாது; தத்தித் தத்திப் போகும். மண் சுவரின் வெடிப்பு, மாட்டுக் கொட்டகையின் ஈரத்தரை, சாணமும் மக்கிய இலையும் சேர்ந்த மூலை ஆகியவைதான் அதன் இருப்பிடம். சிமெண்ட் பூசிய வீட்டில் அதற்கு வேலை குறைவு. காலா அசார் யாரைப் பிடிக்கும், யாரை விடும் என்பதை வீட்டுச் சுவரைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம்.

ஈ கடிக்கும்போது உடலுக்குள் போகும் ஒட்டுண்ணியின் பெயர் லீஷ்மேனியா டோனோவானி. இந்தப் பெயரின் பின்பாதியில் சென்னை இருக்கிறது. 1903ஆம் வருடம் மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் பணிபுரிந்த சார்லஸ் டோனோவன் என்ற மருத்துவர், இறந்துபோன நோயாளிகளின் மண்ணீரலில் விசித்திரமான சிறு உருண்டைகளைக் கண்டார். இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ மருத்துவரும், கல்கத்தா பக்கம் டம்டம் முகாமில் காய்ச்சல் கண்டு செத்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் இதையே பார்த்து எழுதியிருந்தார். செத்த பிறகு திசு சிதைவதால் வரும் உருண்டைகளோ என்று சந்தேகிக்க இடமிருந்தது. அந்த ஜூன் மாதம், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த துளியிலும் டோனோவன் அதைக் கண்டார். சந்தேகம் தீர்ந்தது. இருவர் பெயரையும் சேர்த்து ஒட்டுண்ணிக்குப் பெயர் வைத்தவர் மலேரியா புகழ் ரொனால்ட் ராஸ்.

அதற்கு 83 வருடம் கழித்து, 1986இல், அந்த மருத்துவமனையோடு சேர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்து அறிவித்தார்கள். இன்று பாட்னாவில் ஒரே உடம்பில் சேர்ந்துகொண்டு மனிதர்களை வதைக்கும் இந்த இரண்டு கிருமிகளின் கதையிலும் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்த வளாகத்துக்குப் பங்கு உண்டு.

மருந்து பாதி, உடம்பு பாதி

லீஷ்மேனியா குடியேறும் இடத்தைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கிச் செரிப்பதற்கென்றே இருக்கும் வெள்ளை அணுக்கள் உண்டு, பெருவிழுங்கிகள் என்பார்கள். அவற்றுக்குள்ளேயேதான் இது வாழ்கிறது, பெருகுகிறது. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று இந்த அணுக்கள் நிறைந்திருக்கும் இடமெல்லாம் ஒட்டுண்ணியும் நிறைகிறது. மண்ணீரல் வீங்கி வயிற்றை அடைத்துக்கொள்கிறது. ரத்தம் வற்றுகிறது, எடை கரைகிறது, வாரக்கணக்கில் காய்ச்சல் விடுவதில்லை. சிகிச்சை கிடைக்காவிட்டால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

சிகிச்சை கொடுத்தால் ஒட்டுண்ணி முழுக்கச் செத்துவிடுகிறதா என்றால், இல்லை. பெரும்பகுதியை மருந்து அழிக்கிறது. மீதி கொஞ்சம் திசுக்களில் எங்கோ தங்கிவிடுகிறது, பல வருடம், ஆயுள் முழுக்கக்கூட. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு இதனால் ஒரு தொந்தரவும் வராது. சிடி4 என்ற வகை வெள்ளை அணுக்கள் பெருவிழுங்கிகளுக்கு ஓயாமல் சமிக்ஞை கொடுத்து, உள்ளே ஒளிந்திருக்கும் கிருமியைத் தலைதூக்க விடாமல் அடக்கி வைக்கின்றன. காலா அசாரில் குணம் என்று மருத்துவர்கள் சொல்வது இந்த அடக்கி வைத்தலைத்தான். நீறு பூத்த நெருப்பு.

எச்.ஐ.வி. அழிப்பது அந்தச் சிடி4 அணுக்களைத்தான். காவல் குறைந்ததும் அடங்கியிருந்த ஒட்டுண்ணி பெருகத் தொடங்குகிறது. இதில் இன்னொரு கொடுமை, எச்.ஐ.வி.யும் பெருவிழுங்கிகளுக்குள் வாழக்கூடியது. ஒட்டுண்ணித் தொற்று உடலின் எதிர்ப்பு மண்டலத்தை ஓயாமல் உசுப்பிவிடுவதால் வைரஸ் இன்னும் வேகமாகப் பெருகுகிறது. வைரஸ் பெருகப் பெருகச் சிடி4 இன்னும் சரிகிறது. ஒன்றுக்கு ஒன்று ஏணி போட்டுக் கொடுக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காலா அசார் நோயாக வெடிக்கும் ஆபத்து மற்றவர்களைவிட நூறு மடங்குக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இருப்பவர்களும், ஏற்கெனவே ஒருமுறை நோய் திரும்பியவர்களும்தான் மறுபடி விழுவதில் முன்னால் நிற்கிறார்கள்.

இங்கே ஓர் அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். நோய் திரும்பி வரும்போது அவரிடம் முதலில் கேட்கப்படுகிற கேள்வி, “ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகப் போட்டீங்களா?” என்பது. வீட்டில் கேட்கிறார்கள், ஆஸ்பத்திரியிலும் கேட்கிறார்கள். எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து கட்டாயம் வேண்டும், நோய் திரும்பும் வாய்ப்பை அது குறைக்கிறது. ஆனால் ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸே தென்படாத அளவுக்கு அடங்கியவர்களுக்கும் காலா அசார் திரும்பியிருக்கிறது. ஒட்டுண்ணி தங்கிய உடம்பில் சிடி4 எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும். இதை அறியாமல் நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், அடுத்த முறை காய்ச்சல் வரும்போது அவர் வரத் தயங்குவார். தாமதமாக வந்தால் பிழைப்பது கடினம்.

ஒரு விநாடி ஊசி

காய்ச்சல் திரும்பிவிட்டது என்பதை உறுதி செய்வதே ஒரு பாடு. முதல்முறை காலா அசாரைக் கண்டுபிடிக்க ஆர்கே39 என்ற எளிய பட்டைப் பரிசோதனை இருக்கிறது. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து, காகிதப் பட்டையில் வைத்தால் சில நிமிடத்தில் கோடு தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். ஆனால் இது பார்ப்பது எதிர்ப்புப் புரதத்தை. ஒருமுறை நோய் வந்து குணமானவர் உடலில் அந்தப் புரதம் வருடக்கணக்கில் தங்கிவிடும் என்பதால், திரும்ப வந்த காய்ச்சலுக்கு இந்தப் பட்டையின் கோடு ஒன்றும் சொல்லாது. எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு அந்தப் புரதமே சரியாக உருவாவதில்லை. நோய் இருந்தும் கோடு விழாமல் போகலாம்.

அதனால் டோனோவன் செய்ததையே இன்றும் செய்ய வேண்டியிருக்கிறது. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றைத் தடவிப் பார்த்து, மண்ணீரலின் விளிம்பு எங்கே முடிகிறது என்று பேனாவால் தோலில் கோடு போடுகிறார்கள். அதற்கு முன்பே தட்டணுக்கள் போதுமான அளவு இருக்கின்றனவா, ரத்தம் உறையும் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். மூச்சை அடக்கச் சொல்கிறார்கள். சிரிஞ்சின் தண்டைச் சற்றே பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி ஊசியை உள்ளே செலுத்தி, அதே வேகத்தில் வெளியே எடுத்துவிடுகிறார்கள். ஊசி உள்ளே இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. நோயாளி அந்த நேரத்தில் அசைந்தால், இருமினால், மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கொட்டிவிடக்கூடும். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அரை மணிக்கொரு தரம் நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள்.

ஊசி முனையில் வந்த ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயம் ஏற்றி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறார் ஆய்வக நுட்பர். உருண்டையான சிறு உடல், அதற்குள் ஒரு பெரிய புள்ளி, பக்கத்தில் குச்சி போல இன்னொன்று. இதுதான் லீஷ்மேனியா. ஆயிரம் காட்சிப்பரப்புகளைத் தேடி ஒன்றிரண்டு கிடைத்தால் ஒன்று பிளஸ். ஒரே காட்சிப்பரப்பில் நூற்றுக்கு மேல் அப்பிக்கிடந்தால் ஆறு பிளஸ். காலா அசார் ஒருமுறை வந்தவருக்கு இந்தச் சோதனை வாழ்க்கையில் ஒருமுறையோடு போய்விடலாம். எச்.ஐ.வி. உள்ளவர் ஒவ்வொரு தடவை நோய் திரும்பும்போதும், பல இடங்களில் சிகிச்சை முடிந்து கிருமி போனதா என்று பார்க்கவும், இந்த ஊசிக்கு வயிற்றைக் காட்ட வேண்டும். சிலருக்கு மண்ணீரல் வீங்குவதே இல்லை. காய்ச்சலும் இருக்காது. வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, காரணம் தெரியாத ரத்தச்சோகை என்று வேறு வேடத்தில் வரும். அப்போது இடுப்பெலும்பைத் துளைத்து மஜ்ஜையை எடுத்துப் பார்ப்பார்கள்.

பாட்னாவும் கோண்டாரும்

சாதாரண காலா அசாருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் லைப்போசோமல் ஆம்போடெரிசின் என்ற அந்த மஞ்சள் மருந்து போதும். 50 கிலோ எடை உள்ளவருக்குப் பத்துக் குப்பி. எச்.ஐ.வி. இருந்தால் கிலோவுக்கு 30 மில்லிகிராம், அதாவது முப்பது குப்பி. 1, 3, 5, 7, 9, 11 என்று ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு தவணை. வெறுமனே மருந்தைக் கூட்டினால் போதுமா என்ற கேள்விக்குப் பாட்னாவில் பதில் கிடைத்தது. அங்குள்ள ராஜேந்திர நினைவு மருத்துவ அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் டிஎன்டிஐ என்ற மருந்து ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து, இரண்டு நோயும் உள்ள 150 பேரை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஊசி மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏழு மாத முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 85 சதவீதம். ஊசியோடு 14 நாள் மில்டிஃபோசின் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 96 சதவீதம்.

இதே போல எத்தியோப்பியாவின் வடமேற்கில் கோண்டார், அப்துராஃபி ஆகிய ஊர்களில் நடந்த ஆய்வு இன்னும் உறைக்கும்படி பேசியது. அங்கே ஊசி மட்டும் போட்டவர்களில், நீட்டித்த சிகிச்சைக்குப் பிறகும் 55 சதவீதம் பேருக்குத்தான் கிருமி போயிருந்தது. மில்டிஃபோசின் சேர்ந்தவர்களில் 88 சதவீதம். இந்த இரண்டு ஆய்வுகளையும் வைத்துத்தான் 2022இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுதலை மாற்றியது. தெற்காசியாவுக்கு 14 நாள் மாத்திரை, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு 28 நாள்.

எத்தியோப்பியாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹுமேரா, மெட்டெமா பகுதிகளின் கரிசல் காட்டில் எள்ளும் சோளமும் பெரும் பண்ணைகளாக விளைகின்றன. அறுவடைக் காலத்தில் மேட்டு நிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கூலிக்கு இறங்கி வருகிறார்கள். காட்டிலேயே, வேலமரத்தடியில், வானத்தைப் பார்த்துப் படுத்துத் தூங்குகிறார்கள். வெயிலில் வெடித்த கரிசல் மண்ணின் பிளவுகளில்தான் அங்கே மணல் ஈ குடியிருக்கிறது. குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் தனியாக இருக்கும் ஆண்கள் கூடும் இடத்தில் எச்.ஐ.வி.யும் வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் காலா அசாரோடு வந்தவர்களில் பத்தில் இரண்டு பேருக்கு, சில வருடங்களில் நான்கு பேருக்குக்கூட, எச்.ஐ.வி. இருந்தது. 

பீகாரின் கதையும் இதே அச்சுதான். இங்கே நோய் மண் வீட்டில் இருக்கிறது, வேலை வெளியூரில் இருக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 14 வயதுக்கு மேற்பட்ட 2,077 காலா அசார் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 5.6 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. நாட்டின் பொது அளவு ஆயிரத்துக்கு இரண்டு. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது அந்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. காலா அசார் வந்திராவிட்டால் இன்னும் எத்தனை காலம் தெரியாமல் இருந்திருப்பார்களோ.

ஐரோப்பாவும் இதைக் கடந்துதான் வந்தது. இரண்டு நோயும் ஒருவருக்கே வந்ததை மருத்துவ உலகம் முதலில் பதிவு செய்தது 1985இல், தெற்கு ஐரோப்பாவில். ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ், போர்ச்சுகல் நாடுகளில் போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஒரே ஊசியைப் பகிர்ந்ததில், மணல் ஈயின் உதவியே இல்லாமல் ஒட்டுண்ணி ரத்தத்திலிருந்து ரத்தத்துக்குப் போனது. 1996க்குப் பிறகு எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சிகிச்சை வந்ததும் அங்கே எண்ணிக்கை சரிந்தது. வந்த நோய் திரும்பி வருவது மட்டும் அங்கும் அடியோடு நிற்கவில்லை. சிடி4 ஏறாதவர்களுக்கு மாதா மாதம் தடுப்பு ஊசி மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த மாதாந்தர ஊசி

இப்படி, குணமான பிறகும் நோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து, எச்.ஐ.வி. சிகிச்சையில் புதிய யோசனையே இல்லை. மூளையைத் தாக்கும் டாக்ஸோபிளாஸ்மாவும் இதே போல உடலில் உறங்கி எழும் ஒட்டுண்ணிதான். அது ஒருமுறை வந்து குணமானால், சிடி4 ஏறும்வரை மருந்தை நிறுத்தக் கூடாது என்பது முப்பது வருடத்துக்கும் மேலாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வராமலே தடுக்க நம் ஏ.ஆர்.டி. மையங்களில் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரைக்கு விலையும் பெரிதில்லை.

காலா அசாருக்கு அப்படி ஒரு மலிவான மாத்திரை இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பென்டமிடின் ஊசியை மாதம் ஒருமுறை போடுகிறார்கள். எத்தியோப்பியாவில் 74 பேருக்கு ஒரு வருடம் இதைக் கொடுத்துப் பார்த்ததில் பத்தில் ஏழு பேருக்கு நோய் திரும்பவில்லை. தெற்காசியாவில் ஆம்போடெரிசினையே இடைவெளி விட்டு ஏற்றுகிறார்கள். முதல் தடவை நோய் வந்து குணமானதுமே இதைத் தொடங்கிவிட வேண்டும், இரண்டாம் தடவைக்குக் காத்திருக்கக் கூடாது என்பது 2022 வழிகாட்டுதலின் முக்கியமான சொல்.

ஆனால் மாதா மாதம் சொட்டு மருந்து ஏற்ற ஒருவர் எங்கே போவார்? ஒருநாள் கூலியை விட்டு, பஸ் செலவு செய்து, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டும். மருந்தைக் குளிர்ச்சியில் வைத்திருக்க வசதியும், சிறுநீரகத்தைப் பரிசோதிக்க ஆய்வகமும் அங்கே இருக்க வேண்டும். காலா அசாருக்கு மருந்து ஒரு துறையின் கையில், எச்.ஐ.வி.க்கு மருந்து இன்னொரு துறையின் கையில். இரண்டு சீட்டு, இரண்டு வரிசை, இரண்டு தேதி. ஒரே மனிதர் இரண்டு நோயாளியாக அலைகிறார். காசநோயும் சேர்ந்துகொண்டால் மூன்று. இதற்கு விடை அறிவியல் கண்டுபிடிக்க வேண்டியது அல்ல; ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்க வரும் அதே தேதியில், அதே கட்டடத்தில் இந்த மருந்தையும் ஏற்ற ஏற்பாடு செய்தால் பாதிச் சுமை இறங்கும். மாவட்ட மருத்துவமனைகள் நினைத்தால் முடியும்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக உண்டு. மில்டிஃபோசின் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து; உடலில் நீண்ட நாள் தங்கும். அதனால் சாப்பிடும்போதும், நிறுத்தி ஐந்து மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கணவரிடமிருந்து எச்.ஐ.வி. பெற்ற ஒரு கிராமத்துப் பெண்ணிடம், மாமியார் பக்கத்தில் நிற்க, கருத்தடை பற்றி இரண்டு நிமிடம் பேசி அனுப்பிவிட முடியாது. அவருக்கென்று தனியாக நேரம் ஒதுக்க ஒரு பெண் ஆலோசகர் வேண்டும்.

கடைசிச் சில நூறு பேர்

பீகாருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1950களில் மலேரியாவுக்காக வீடு வீடாக டிடிடி தெளித்தார்கள். அதில் மணல் ஈக்களும் செத்தன. காலா அசார் கிட்டத்தட்ட மறைந்தே போனது. தெளிப்பது நின்றதும், 1970களில் முஸாபர்பூர் பக்கத்திலிருந்து பெரும் கொள்ளைநோயாகத் திரும்பியது. நடுவில் அத்தனை வருடம் கிருமி எங்கே இருந்தது? தெற்காசியாவில் இந்த ஒட்டுண்ணிக்கு நாயோ எலியோ புகலிடம் இல்லை. மனிதர்களிடம்தான் இருந்தது. நோய் குணமான பிறகு தோலில் வெளிறிய புள்ளிகளும் கட்டிகளும் வரும் ஒரு வகை உண்டு. வலியோ காய்ச்சலோ இல்லாததால் பலர் சிகிச்சைக்கு வருவதில்லை. அவர்களைக் கடிக்கும் மணல் ஈ கிருமியை ஏந்திக்கொண்டு போகிறது. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தத்தில் ஒட்டுண்ணி அதிகம். நோய் திரும்பத் திரும்ப வருவதால் அது நீண்ட காலமும் இருக்கிறது. ஊரில் மற்ற எல்லோரும் குணமான பிறகும் ஈக்குக் கிருமி கிடைக்கும் இடம் இந்த உடம்புகள்தான்.

இதைச் சொல்லும்போதே பயமாகவும் இருக்கிறது. “இவர்களால்தான் நோய் போகவில்லை” என்று யாராவது விரல் நீட்டிவிடக்கூடும். ஏற்கெனவே, காலா அசார் வந்த வீட்டுக்கு மருந்து தெளிக்கத் தொட்டியோடு ஆள் வருவதையும், ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர் திரும்பத் திரும்ப ஒரே வாசலில் நிற்பதையும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. எச்.ஐ.வி. நிலையை ஒருவரின் சம்மதமில்லாமல் வெளியிடுவது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி தடை செய்யப்பட்டது, 2018 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இருப்பதை அந்த வாசலில் நிற்பவரும் அறிந்திருக்க வேண்டும். கிருமியைத் தேடுகிறோம் என்று மனிதரைத் துரத்தினால் அவர் ஒளிந்துகொள்வார்; கிருமியும் அவரோடு ஒளிந்துகொள்ளும்.

மாத்திரையாகவே சாப்பிடக்கூடிய புதிய மருந்துகள் சில இப்போது மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன. அவை வரும்வரை கையில் இருப்பதை வைத்துச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. நோயாளிகள் குறையக் குறைய, இந்த நோயைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்களும், மண்ணீரலில் ஊசி போடத் தெரிந்த கைகளும், சில்லில் லீஷ்மேனியாவை அடையாளம் காணும் கண்களும் குறைந்துகொண்டே வருகின்றன. ஒழித்துவிட்டோம் என்று விழா எடுத்தவுடன் நிதியும் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது.

தமிழ்நாட்டில் காலா அசார் இன்று பரவும் நோய் கிடையாது. ஆனால் திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் சென்னையின் கட்டட வேலைகளிலும் கோவையின் பட்டறைகளிலும் உழைப்பவர்களில் பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சலோடு வந்தால் நம் மருத்துவர்கள் மலேரியா, டைபாய்டு, டெங்கு, காசநோய் என்று பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். வயிற்றில் கைவைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த ஊர், எந்த மாவட்டம், முன்பு காலா அசார் வந்ததுண்டா என்று கேளுங்கள். காலா அசார் என்று தெரிந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யாமல் சிகிச்சையைத் தொடங்காதீர்கள். எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவர் அந்த மாவட்டங்களிலிருந்து வந்தவர் என்றால், ரத்தச்சோகைக்கும் எடை குறைவதற்கும் காசநோய் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காய்ச்சல் விடாத தொழிலாளியை ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவதோடு கடமை முடிந்ததாக நினைக்காதீர்கள். இங்கேயே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஏ.ஆர்.டி. மருந்து நாடு முழுக்க இலவசம். ஒரு மையத்தில் பதிந்த பெயரை வேறு மாநிலத்து மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எச்.ஐ.வி. குறித்த எந்தச் சந்தேகத்துக்கும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் உதவி எண் 1097. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.